ஆளே பத்தலன்னாங்க, நம்பிப் படிச்சேன்

எங்கப்பா ஆத்தங்குடி கல்லு போடுறவரு. செட்டிநாட்டு வீடுகள்ல தரையில பாத்திருப்பீங்கல்ல, அந்தப் பூப்போட்ட கல்லு. கண்ணாடித் துண்டைக் கீழ வச்சு, இரும்புச் சட்டத்தை மாட்டி, உள்ள அச்சை வச்சு, ஒவ்வொரு கட்டத்துலயும் கலர் சிமெண்டைக் கரண்டியால ஊத்தி, அச்சைத் தூக்கிட்டு மேல மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, காயவிட்டு தண்ணித் தொட்டியில ஊறப்போட்டு எடுப்பாங்க. கண்ணாடி தனியா கழண்டு வரும், கண்ணாடிப் பக்கம் இருந்தது பளபளன்னு இருக்கும். சின்ன வயசுல அந்தக் கண்ணாடியைக் கழட்டுறது எனக்கு அவ்வளவு பிடிக்கும். அப்பா ஆர்டர் இல்லாம ஒரு கல்லு ஊத்த மாட்டாரு. ஏன்பான்னு கேட்டா, "ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஒவ்வொரு கலர் கேப்பாக, நம்மளா ஊத்தி அடுக்கி வச்சா அடுக்குனது அடுக்குனபடியே கிடக்கும்"னு சொல்வாரு. கல்லுக்கு இவ்வளவு யோசிக்கிற மனுசன் என் படிப்புக்கு யாரு ஆர்டர் குடுத்தான்னு கேக்கல, நானும் கேக்கல. அதுக்கு எங்க வீட்டுல போனது 4 லட்சத்து 60 ஆயிரமும் என் வாழ்க்கையில ஏழு வருசமும். யாராவது ஒருத்தர் முன்னாடியே சொல்லியிருந்தா பாதியாவது தப்பிச்சிருப்பேன், அதான் இப்ப எழுதுறேன். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும்.

2013ல ப்ளஸ் டூ. அப்ப நம்ம ஊர்ல நீட் கிடையாது, ப்ளஸ் டூ மார்க்குலயே 200க்கு கட்-ஆஃப் போடுவாங்க. எனக்கு 184 சொச்சம். டாக்டர் சீட்டு இல்லன்னு ரிசல்ட் அன்னைக்கே தெரிஞ்சு போச்சு, ரெண்டு நாள் அழுதேன். பி.எஸ்சி நர்சிங், பி.பார்ம், பிசியோதெரபிக்கு கவுன்சிலிங் போனா கிடைக்கும்னு ஸ்கூல்ல டீச்சர் சொன்னாங்க. எங்கம்மா கானாடுகாத்தான்ல ஒரு ஆச்சி வீட்டுல சமையல் வேலை பாத்தாங்க. முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டுன்னு இந்தத் தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியிற வீடு, இருக்கிறது ஆச்சியும் செட்டியாரும் மட்டும்தான், பிள்ளைக எல்லாம் அமெரிக்கா. எங்க வீட்டுல எந்த முடிவு எடுத்தாலும் ஆச்சிகிட்ட ஒரு வார்த்தை கேக்காம அம்மா எடுக்க மாட்டாங்க. ஆச்சி சொன்னாங்க, "நர்சுக்கெல்லாம் விடாதேத்தா, ராவும் பகலும் ஆஸ்பத்திரியில கிடக்கணும், நாளைக்கு மாப்பிள்ளை அமையாது. பயோடெக்குன்னு ஒண்ணு வந்துருக்காம்ல, எங்க தம்பி மகன் அதுதான் அமெரிக்காவுல பண்றான், அங்க ஆளே பத்தலையாம்." அவங்க நல்லதுன்னு நினைச்சுத்தான் சொன்னாங்க, அதுல எனக்கு இப்பவும் சந்தேகம் இல்ல. அந்த "ஆளே பத்தலையாம்"ல மூணு விஷயம் விட்டுப் போச்சு. எந்த ஊர்ல பத்தல, எந்தப் படிப்பு வரைக்கும் படிச்ச ஆள் பத்தல, என்ன சம்பளத்துக்குப் பத்தல. ஆச்சியோட தம்பி மகன் அங்க போய் பிஎச்.டி முடிச்சவரு. நான் சேரப் போறது காரைக்குடிப் பக்கம் பஸ்ல போயிட்டு வர்ற காலேஜ்ல பி.எஸ்சி பயோடெக், அதாவது உயிரித் தொழில்நுட்பம். அதே வருசம் எங்க சித்தி மக, என்னை விட மூணு மாசம் சின்னவ, நர்சிங் சேந்தா. எங்க சொந்தத்துல எல்லாரும் சித்தியைத்தான் பாவம்னு பேசுனாங்க.

காலேஜ்ல எங்க கிளாஸ் மட்டும் 52 பேரு. இந்த மாதிரி எத்தனை காலேஜ், எத்தனை கிளாஸ்னு அப்ப தோணவே இல்ல. இப்ப யோசிச்சா காரணம் புரியுது. நர்சிங் காலேஜ் ஆரம்பிக்கணும்னா பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்ப ஆஸ்பத்திரி வேணும், மெடிக்கல் காலேஜ்னா நூத்துக்கணக்குல படுக்கை வேணும், அதனால சீட்டு மெதுவாத்தான் ஏறும். பயோடெக்குக்கு ஒரு ஹாலு, நாலு மைக்ராஸ்கோப்பு, ஒரு ஆட்டோகிளேவ், ஒரு ஜெல் ரன் பண்ற பெட்டி, பாடம் நடத்த ரெண்டு மேடம், முடிஞ்சுது. சீட்டு கூடுனதுக்கும் வேலை கூடுனதுக்கும் சம்பந்தமே கிடையாது. 2000 வாக்குல மனுச ஜீனோமைப் படிச்சு முடிக்கப் போறோம்னு உலகமே பேசுன காலத்துல கிளம்புன அலை, எங்க ஊருக்கு வந்து சேர்றப்போ அலை போயி நுரைதான் மிச்சம்.

இதுல ஒரு கூத்து இருக்கு. தினமும் காலேஜ் பஸ் சிக்ரி சுவரைத் தாண்டித்தான் போகும். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்னு போர்டு இருக்கும், ஊர்ல யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க, சிக்ரின்னாத்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் இடமும் 15 லட்ச ரூபாயும் குடுத்து, 1948 ஜூலையில நேரு வந்து அடிக்கல் நாட்டுன இடம். சிக்ரியை நடத்துற மத்திய அரசு அமைப்பு சிஎஸ்ஐஆர், செப்டம்பர் 26 அதோட நாள் அன்னைக்கு பொதுமக்களை உள்ள விடுவாங்க, ஒன்பதாவது படிக்கிறப்ப எங்க ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனாங்க, துரு பிடிக்காம இரும்பை எப்படிக் காப்பாத்துறது, பேட்டரி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுனாங்க, நான் அங்க குடுத்த பிஸ்கட்டைப் பத்தித்தான் வீட்டுல வந்து பேசுனேன். இன்னைக்கு எலக்ட்ரிக் வண்டி, லித்தியம் பேட்டரின்னு ஆள் தேடுறது அந்தப் படிப்புக்குத்தான். என் கூட ஸ்கூல்ல படிச்ச ஒரு பையன் கெமிஸ்ட்ரி எடுத்து எம்.எஸ்சியில எலக்ட்ரோகெமிஸ்ட்ரி பக்கம் போனான், இப்ப ஓசூர்ல பேட்டரி டெஸ்டிங்ல இருக்கான். வீட்டு வாசல்ல இருக்கிறதை விட்டுட்டு அமெரிக்காவுல ஆள் பத்தலன்னு கேட்டு நான் படிச்சேன்.

பி.எஸ்சி முடிக்கிறப்பவே வெறும் பி.எஸ்சிக்கு ஒண்ணும் கிடைக்காதுன்னு தெரிஞ்சிருச்சு. சரி எம்.எஸ்சி பண்ணா சரியாயிரும்னு எல்லாரும் சொன்னாங்க, கோயம்புத்தூர் பக்கம் ஒரு தனியார் காலேஜ்ல 2016ல சேந்தேன். ஃபீஸும் ஹாஸ்டலும் சேத்து எஜுகேஷன் லோன் 2 லட்சத்து 40 ஆயிரம். 4 லட்சம் வரைக்கும் சொத்து எதுவும் ஈடு கேக்க மாட்டாங்க, படிப்பு முடிஞ்சு ஒரு வருசம் வரைக்கும் கட்டவும் தேவையில்லன்னு பேங்க்ல சொன்னாங்க. கட்டத் தேவையில்லன்னா வட்டி ஓடாதுன்னு எங்கப்பா நினைச்சுக்கிட்டாரு, நானும் தான், எம்.எஸ்சி படிச்ச புள்ள. 2019 ஜூலையில பேங்க்ல இருந்து கூப்பிட்டப்ப நிலுவை 3 லட்சத்து 6 ஆயிரம், மாசம் 4,200 ரூபாய் தவணை, பத்து வருசத்துக்கு. அப்பா அந்தப் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு, ஒண்ணும் சொல்லல. லோன் எடுக்கிற பிள்ளைக தயவுசெஞ்சு இதை மட்டும் செய்ங்க, படிக்கிற காலத்துலயே அந்த வட்டியை மட்டுமாவது மாசாமாசம் கட்டிருங்க. எனக்கு முதல் வருசம் மாசம் 1,100 ரூபாய்தான் வந்திருக்கும், ரெண்டாவது வருசம் 2,200. ஹாஸ்டல்ல டியூசன் எடுத்தே கட்டியிருக்கலாம்.

2018ல எம்.எஸ்சி முடிஞ்சு ஆறு மாசம் சும்மா இருந்தேன். அனுப்புன ரெஸ்யூமுக்கு கணக்கே இல்ல. அப்பத்தான் பெங்களூர்ல கிளினிக்கல் ரிசர்ச், பார்மகோவிஜிலன்ஸ்னு ஒரு கோர்ஸ், மருந்தோட பக்க விளைவுகளைப் பதிவு பண்ற வேலை, ஆறு மாசம், 75,000 ரூபாய், 100 சதவீதம் பிளேஸ்மெண்ட்னு விளம்பரம் பாத்து போன் பண்ணேன். அந்தப் பொண்ணு அவ்வளவு இனிக்க இனிக்கப் பேசுச்சு, "இண்டஸ்ட்ரியில ஆளே பத்தல மேடம்"னு. மறுபடியும் அதே வார்த்தை. அம்மா கழுத்துல இருந்த அஞ்சு பவுன் சங்கிலி பேங்க்குக்குப் போச்சு. அங்க ரூம் வாடகை, சாப்பாடுன்னு இன்னொரு 39,000. கோர்ஸ்ல சொல்லிக் குடுத்தது இன்டர்நெட்ல ஃப்ரீயா கிடைக்கிற பவர்பாயிண்ட் ஸ்லைடு. முடிச்சதும் அனுப்புன முதல் இன்டர்வியூ கஸ்டமர் கேர் வேலைக்கு, ரெண்டாவது மெடிக்கல் கோடிங்குக்கு, அதுக்கு வேற பரீட்சை எழுதணுமாம், அதுக்கு வேற ஃபீஸாம். சண்டை போட்டேன். ரசீதைத் திருப்பிக் காட்டுனாங்க, பின்னாடி சின்ன எழுத்துல 'பிளேஸ்மெண்ட் அசிஸ்டன்ஸ்'னு இருக்கு. வேலை வாங்கித் தர்றோம்னு எங்கயும் எழுதல, வேலை தேட உதவி பண்றோம்னுதான் எழுதியிருக்கு. இன்டர்வியூவுக்கு ரெண்டு தடவை அனுப்பிட்டா அவங்க கடமை முடிஞ்சுது. அப்புறமா நானே கம்பெனிகள் போடுற வேலை விளம்பரத்தை ஒவ்வொண்ணா உக்காந்து படிச்சேன். முக்கால்வாசியில பி.பார்ம், எம்.பார்ம், பார்ம்.டின்னு பார்மசி படிப்பைத்தான் கேட்டிருந்துச்சு, லைஃப் சயின்ஸ்னு போட்டிருந்த ரெண்டு மூணுலயும் ரெண்டு வருச அனுபவம் வேணும்னு இருந்துச்சு. இதை அந்த 75,000 கட்டுறதுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் உக்காந்து பாத்திருக்கலாம். அதனால எந்த கோர்ஸுக்கும் பணம் கட்டுறதுக்கு முன்னாடி இருபது வேலை விளம்பரத்தை எடுங்க, ஒரு நோட்டுல அதுல கேக்குற டிகிரியை மட்டும் எழுதுங்க, உங்க டிகிரி எத்தனை தடவை வருதுன்னு எண்ணுங்க. அஞ்சுக்குக் கீழ வந்தா அந்தப் பக்கமே போகாதீங்க. அப்புறம் போன பேட்ச்ல சேந்த மூணு பேரு கிட்ட பேசுங்க, அவங்க குடுக்குற நம்பர்ல இல்ல, நீங்களே தேடிப் பிடிச்சு.

2019 கடைசியில ஒரு ஆராய்ச்சி புராஜெக்ட்ல அசிஸ்டன்ட் வேலை கிடைச்சது. எங்கன்னு சொல்லல. மாசம் 15,000. நெட்ங்கிற தேசியத் தகுதித் தேர்வுல பாஸாகி ஜேஆர்எஃப்ங்கிற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்குனவங்களுக்கு அந்த வருசம் ஜனவரியில இருந்து 31,000 ஆக்கியிருந்தாங்க (2023 ஜனவரியில இருந்து 37,000). அதே மேசை, அதே வேலை, அவங்களுக்கு என்னை விட ரெண்டு மடங்கு. அதுல எனக்கு வருத்தம் இல்ல, அவங்க பரீட்சை எழுதி ஜெயிச்சவங்க. வருத்தம் என்னன்னா என் 15,000 மாசாமாசம் வராது. ஃபண்டு வரல, போன பணத்தைச் செலவு பண்ண கணக்குச் சான்று (யூசி) போகல, கணக்குப் பிரிவுல ஃபைல் நிக்குதுன்னு மூணு மாசத்துக்கு ஒரு தடவை மொத்தமா வரும், அதுக்குள்ள ரூம் ஓனருக்கும் மெஸ்ஸுக்கும் பதில் சொல்லணும். எங்கப்பா 62 வயசுல குனிஞ்சு கல்லு ஊத்தி எனக்கு ஜிபேல 2,000 அனுப்புவாரு, எம்.எஸ்சி படிச்சு வேலையில இருக்கிற பொண்ணுக்கு. அதை வாங்குறப்ப இருந்த மாதிரி ஒரு கூச்சம் எனக்கு எதுக்கும் வந்ததில்ல. புராஜெக்ட் வேலைக்குப் போறவங்க வெக்கப்படாம மூணு கேள்வி கேட்டுருங்க, இந்த புராஜெக்ட் எந்தத் தேதியில முடியுது, இந்த வருசப் பணம் வந்திருச்சா, எனக்கு முன்னாடி இருந்தவரு ஏன் போனாரு. நான் சேந்த புராஜெக்ட்டுக்கு மிச்சம் இருந்தது ஆறே மாசம், அது எனக்குச் சேந்த ரெண்டாவது மாசம்தான் தெரியும். மார்ச் 2020ல லாக்டவுன், அதோட அதுவும் முடிஞ்சுது.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு எல்லாத்தையும் புரிய வச்சது. கொரோனா ஆரம்பிச்சப்ப நாட்டுலயே டெஸ்ட் பண்றதுக்கு புனேல இருந்த ஒரே ஒரு லேப், ஜூன் 2020 முடியிறதுக்குள்ள ஐசிஎம்ஆர் அனுமதி குடுத்த லேப் ஆயிரத்தைத் தொட்டுருச்சு. அதுல பாதிக்கு மேல ஆர்டி-பிசிஆர் முறையில டெஸ்ட் பண்றது, அங்கெல்லாம் அது தெரிஞ்ச ஆள் வேணும். தமிழ்நாட்டுல டெஸ்ட் கிட்டத்தட்ட முழுசுமே ஆர்டி-பிசிஆர் தான். ரெண்டு வருசமா ரெஸ்யூமைத் திறந்து கூட பாக்காதவங்க எனக்கு போன் பண்ணாங்க. மதுரையில ஒரு தனியார் லேப்ல இருந்து காலையில கூப்பிட்டாங்க, "பிசிஆர் பண்ணியிருக்கீங்களாம்மா, நாளைக்கே வர முடியுமா"ன்னு. இ-பாஸ் எடுத்துட்டு காய்கறி வண்டியில போய் இறங்குனேன். ஆரம்பம் 18,000, மூணு மாசத்துல ஓவர்டைமோட 26,000. ரோஸ் கலர் திரவத்துல குச்சி மிதக்குற ட்யூப் மலை மாதிரி வந்து இறங்கும். ஒரு பிளேட்ல 96 குழி, ரெண்டு கண்ட்ரோலுக்குப் போக 94 பேரோட தலையெழுத்து அதுல. பிபிஇ பாதுகாப்பு உடை போட்டா ஆறு மணி நேரம் தண்ணி குடிக்க முடியாது, பாத்ரூம் போக முடியாது, பைப்பெட் அமுக்கி அமுக்கி வலது கட்டைவிரல் ராத்திரியில மரத்துப் போகும். ஒரு நாள் ராத்திரி எழுபதாவது குழிக்கும் எழுபத்தொண்ணாவது குழிக்கும் நடுவுல கண்ணு சொருகிருச்சு, எதுல ஊத்துனேன்னு தெரியல, மொத்த பிளேட்டையும் தூக்கிப் போட்டுட்டு முதல்ல இருந்து ஆரம்பிச்சேன். திட்டுனாங்க, பரவால்ல. ஆனா அந்தக் காலத்துல நான் சந்தோசமா இருந்தேன், உண்மையைச் சொல்லணும்ல. முதல் தடவையா நான் படிச்ச படிப்பு யாருக்கோ தேவைப்பட்டுச்சு. அம்மா சங்கிலியை மீட்டேன்.

டிமாண்டுங்கிறது எப்படி வருதோ அப்படியே போகும்னு அப்ப தெரியல. ஜூன் 2020ல தனியார் லேப்ல ஒரு டெஸ்ட்டுக்கு 3,000 ரூபாய்னு அரசாங்கம் விலை வச்சிருந்துச்சு, மே 2021ல அது 900. அந்த விலை எறங்க எறங்க எங்க ஓவர்டைம் எறங்குச்சு. 2022 பிப்ரவரியில மூணாவது அலை முடிஞ்சது, மார்ச் மாசம் பதினொரு பேர்ல ஏழு பேரை நிறுத்துனாங்க, அதுல நானும். போன் பண்ணித்தான் சொன்னாங்க. அனுபவச் சான்றிதழுக்கு ஆறு தடவை அலைஞ்சேன், கடைசியில குடுத்த பேப்பர்ல 'டிரெய்னி'ன்னு போட்டிருந்தாங்க. பிஎஃப் பிடிச்சது எல்லாம் கட்டல, பாஸ்புக்கை ஆன்லைன்ல பாத்தப்ப எட்டு மாசம் காணோம். இந்த மாதிரி திடீர்னு கிளம்புற வேலைக்குப் போறது தப்பே இல்ல, போங்க, நான் இன்னொரு தடவை வந்தாலும் போவேன். ஆனா அதைத் திருவிழாக் கடை மாதிரி நினைச்சுக்கோங்க. சேந்த முதல் வாரமே வேலைப் பேரு போட்ட ஆர்டரை வாங்கிருங்க, மாசாமாசம் சம்பளச் சீட்டை வாங்கி வைங்க, பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து பாருங்க, ராத்திரி ஷிப்ட்டு முடிஞ்சு அசதியா இருந்தாலும் நிரந்தர வேலைக்கு என்ன தகுதின்னு அப்பவே தேடுங்க. நான் அந்த ரெண்டு வருசத்துல நெட் ரெண்டு தடவை எழுதுனேன், ஜூன் 2020 பரீட்சையை நவம்பர்ல வச்சாங்க, ஜூன் 2021 பரீட்சையை 2022ல வச்சாங்க, பிபிஇ போட்டுட்டு படிச்சா என்ன மார்க் வரும், ரெண்டுலயும் போச்சு.

சரி அரசு லேப் டெக்னீசியன் வேலைக்காவது போடலாம்னு எம்ஆர்பி பழைய நோட்டிஃபிகேஷனை எடுத்துப் படிச்சேன். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், 2012ல இருந்து அரசு ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்கிறது இவங்கதான். கிரேடு 3 லேப் டெக்னீசியனுக்குத் தகுதி ப்ளஸ் டூவும், மருத்துவக் கல்வி இயக்குநரகம் ஒத்துக்கிட்ட இடத்துல ஒரு வருச மெடிக்கல் லேப் டெக்னாலஜி சர்டிபிகேட்டும். எம்.எஸ்சி பயோடெக் அதுல எங்கயும் இல்ல. ரெண்டு வருசத்துல எத்தனை ஆயிரம் பேரோட ரிசல்ட் என் கையால போயிருக்கும், எனக்கு விண்ணப்பம் போடவே தகுதி இல்ல. முதல்ல கோவம் வந்துச்சு. அப்புறம் யோசிச்சா அதுல நியாயமும் இருக்கு, எனக்கு டிஎன்ஏ பிரிக்கத் தெரியும், குண்டா இருக்கிற ஒரு பாட்டி கையில நரம்பு கண்டுபிடிக்கத் தெரியாது. அஞ்சு வருசம் படிச்சுட்டு 26 வயசுல ப்ளஸ் டூ பிள்ளைகளோட உக்காந்து அந்த ஒரு வருச கோர்ஸ் படிச்சேன், 40,000. முதல்ல பாத்த இடத்துல அங்கீகாரம் இருக்குன்னு வாயால சொன்னாங்க, ஆர்டர் காப்பி காட்டுங்கன்னேன், சார் வெளிய போயிருக்காருன்னாங்க, ரெண்டு நாள் கழிச்சுப் போனேன், அப்பவும் சார் வெளியதான். வந்துட்டேன். பெங்களூர்ல குடுத்த 75,000க்கு அந்த ஒரு பாடமாவது கத்துக்கிட்டேன். நம்ம ஊர்ப் பக்கம் தெருவுக்குத் தெரு பாராமெடிக்கல் போர்டு தொங்குது, சேர்றதுக்கு முன்னாடி எம்ஆர்பி நோட்டிஃபிகேஷன்ல இருக்கிற வார்த்தையும் அவங்க குடுக்கிற சர்டிபிகேட்ல வர்ற வார்த்தையும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கான்னு பாருங்க.

நர்சிங் எடுத்திருந்தா தப்பிச்சிருப்பேனான்னு கேப்பீங்க. சித்தி மக கதையும் அவ்வளவு லேசு இல்ல. அவளுக்கு முதல் சம்பளம் திருச்சியில ஒரு ஆஸ்பத்திரியில 9,000. அவளோட சீனியர்ங்க 2015ல எம்ஆர்பி பரீட்சை எழுதி அரசு ஆஸ்பத்திரியில தொகுப்பூதியத்துல சேந்தாங்க, மாசம் 7,700. அப்புறம் 14,000, 18,000ன்னு போராடிப் போராடித்தான் ஏறுச்சு. கொரோனாவுக்குன்னு எடுத்த நர்ஸுங்களை 2022 டிசம்பர் 31ஓட போகச் சொல்லிட்டாங்க, அதுக்கும் போராட்டம். அதே நேரத்துல ஆயிரம் பேருக்கு இத்தனை நர்ஸ் வேணும், நம்ம நாட்டுல பத்தலன்னு டிவில பேசிட்டு இருப்பாங்க. வார்டுல ஆள் பத்தலதான், முப்பது நோயாளிக்கு ஒருத்தியா அவளே ஓடியிருக்கா. ஆனா போஸ்ட் போட்டு, சம்பளம் ஒதுக்கி, ஆளை எடுத்தாத்தானே அது வேலை. அவ தப்பிச்சது வெளிநாட்டு வழியா, அவ படிப்பை அங்க ஒத்துக்கிறாங்க, என்னோடதுக்கு அந்த மாதிரி ஒரு கதவே கிடையாது. ஓஇடின்னு மருத்துவத் துறை ஆளுகளுக்கான இங்கிலீஷ் பரீட்சை எழுதி 2022ல இங்கிலாந்து போனா, டிக்கெட்டும் விசாவும் எடுத்துக் குடுத்தது அங்க இருக்கிற ஆஸ்பத்திரி. முதல்ல ஒரு ஏஜென்ட் 4 லட்சம் கேட்டான், சித்தி நிலத்தை அடமானம் வைக்கக் கிளம்பிட்டாங்க. பதிவு பண்ண ஏஜென்ட் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம்னு சட்டமே இருக்கு, பதிவு இருக்கான்னு இ-மைக்ரேட் தளத்துல பேரைப் போட்டுப் பாக்கலாம். நம்ம அரசாங்கத்தோட ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷனும் இருக்கு, நர்ஸுங்களை அனுப்புறாங்க, அங்க முதல்ல விசாரிங்க. ரங்கூனுக்கும் மலாயாவுக்கும் கொண்டு விக்கப் போன ஊரு இது, அக்கரைச் சீமைன்னாலே நம்ம ஆளுக கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போட்டுருவாங்க.

என் கிளாஸ்மேட் ஒருத்தி பிஎச்.டி முடிச்சா, ஆறு வருசம். அரசுக் கல்லூரியில கௌரவ விரிவுரையாளரா இருக்கா, 25,000, வருசத்துக்கு பதினொரு மாசம். 4,000 உதவிப் பேராசிரியர் இடம்னு ஆசிரியர் தேர்வு வாரியம் (டிஆர்பி) 2024 மார்ச்ல அறிவிச்சாங்க, ஆகஸ்ட்ல பரீட்சைன்னாங்க, அதைத் தள்ளி வச்சாங்க. ஒரு புரொபசர் ரிட்டயர் ஆனா ஒரு இடம் காலியாகுது, அந்த புரொபசர் தன் சர்வீஸ்ல எத்தனை பேருக்கு பிஎச்.டி குடுத்திருப்பாருன்னு எண்ணிப் பாத்தாலே போதும். பிஎச்.டி பண்ணாதீங்கன்னு நான் சொல்லல, ஆராய்ச்சியில ஆசை இருந்தா பண்ணுங்க, ஜேஆர்எஃப் இல்லாம மட்டும் கைக்காசு போட்டுப் பண்ணாதீங்க.

இப்ப காரைக்குடியில ஒரு லேப்ல இருக்கேன், 17,000. காலையில ஆறு மணிக்கு ஸ்கூட்டியை எடுத்துட்டு கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர்னு வீடு வீடாப் போய் ரத்தம் எடுக்கிறேன், ஒரு வீட்டுக்கு 100 ரூபாய் தனி, அதுல மாசம் அஞ்சாறாயிரம் வரும். இந்த ஊர்கள்ல பெரிய வீடுகள்ல வயசானவங்க தனியா இருக்காங்க, பிள்ளைக சென்னையிலயோ சிங்கப்பூர்லயோ இருந்துக்கிட்டு போன்ல காசு போடுறாங்க, வாசல்ல வந்து ரத்தம் எடுத்துட்டுப் போக ஆள் வேணும். யாரும் விளம்பரம் பண்ணாத டிமாண்டு இது. எந்த கவுன்சிலிங்லயும் சொல்லாதது. லோன் தவணை இன்னும் ஓடுது, 2029 வரைக்கும். எம்ஆர்பி அடுத்த நோட்டிஃபிகேஷனுக்குக் காத்துட்டு இருக்கேன்.

போன வாரம் அதே ஆச்சி வீட்டுக்குப் போனேன். செட்டியார் தவறி மூணு வருசமாச்சு, ஆச்சிக்கு முட்டி முடியல, சுகர் வேற. வளவுல அப்பா போட்ட கல்லு மேல நாற்காலியைப் போட்டு உக்கார வச்சு கையை நீட்டச் சொன்னேன். வயசானவங்க நரம்பு தொட்டா நழுவும், கட்டைவிரலால கீழ இழுத்துப் பிடிச்சுக்கிட்டுக் குத்தணும். ஊதா மூடி ட்யூப்பு ஒண்ணு, சாம்பல் மூடி ஒண்ணு. ரத்தம் இறங்கிட்டு இருக்கிறப்ப ஆச்சி புலம்ப ஆரம்பிச்சாங்க, "ராத்திரி துணைக்கு ஒரு நர்சு புள்ள வேணும்னு ஆறு மாசமா சொல்லி வச்சிருக்கேன்த்தா, ஆளே கிடைக்க மாட்டேங்குது. யாரைக் கேட்டாலும் ஆள் பத்தலங்குறாக."

"எவ்வளவு குடுக்குறீக ஆச்சி?"

"எட்டாயிரம். சாப்பாடு நம்ம வீட்டுலதான்."

ஊசியை எடுத்துட்டு, பஞ்சை அமுக்கிப் பிடிச்சுக்கங்க ஆச்சின்னு சொல்லிட்டு ட்யூப்புல அவங்க பேரை எழுதுனேன்.